மேஜிக் கார்டு ஆட்டம்: சேலத்துப் பிள்ளைகள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆறேழு பேர் கூடி 'மேஜிக்: த கேதரிங்' ஆடுகிறோம். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் படியேறி வந்து எட்டிப் பார்ப்பார்கள், பத்து நிமிடம் நின்று பார்த்துவிட்டுக் கேள்வியை ஆரம்பிப்பார்கள். கூட்டிப்போக வரும் பெற்றோரும் கேட்பார்கள். அந்தக் கேள்விகளில் திரும்பத் திரும்ப வருகிறவை இவை.

இது என்ன ஆட்டம்?

இரண்டு மந்திரவாதிகளின் சண்டை. ஒரு மந்திரவாதி நீங்கள், இன்னொருவர் எதிரே உட்கார்ந்திருப்பவர். ஆளுக்கு 20 உயிர். கையில் இருக்கும் கார்டுகளை இறக்கி எதிராளியின் உயிரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தால் ஜெயம்.

கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்ற ரிச்சர்ட் கார்ஃபீல்ட் உருவாக்கியது. 1993இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அதற்கு முன் சீட்டாட்டம் என்றால் எல்லாருக்கும் ஒரே கட்டுதான். இதில் அவரவர் கட்டை அவரவரே கட்டிக்கொண்டு வரலாம். என் கட்டில் என்ன இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாது, உங்களுடையது எனக்குத் தெரியாது. ஆட்டத்தின் ருசியில் பாதி அதில்தான் இருக்கிறது.

சீட்டாட்டம்தானே, சூதாட்டம் ஆகாதா?

அம்மாக்கள் கேட்கிற முதல் கேள்வி இதுதான். கேட்க வேண்டிய கேள்வியும்கூட. எங்கள் மாடியில் காசு வைத்து ஆடுவதில்லை, கார்டைப் பந்தயம் வைப்பதும் இல்லை. தோற்றவர் எதையும் இழக்காமல்தான் வீட்டுக்குப் போவார்.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. மூடிய பாக்கெட்டுகளாக விற்கும் 'பூஸ்டர்' கார்டுகளில் உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்தால்தான் தெரியும். அரிய கார்டு வருமா என்ற ஆசையில் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரிக்கத் தோன்றும். பிள்ளைகளுக்குப் பாக்கெட் வாங்கித் தராதீர்கள் என்றுதான் சொல்வேன். தயாராகக் கட்டி விற்கும் ஆரம்ப 'டெக்' (சீட்டுக்கட்டு) ஒன்று வாங்கினால் போதும், மாதக்கணக்கில் ஆடலாம். தனியாக ஒரு கார்டு வேண்டுமென்றால் அதை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். டெக்கை முயன்று பார்க்க அதுகூடத் தேவையில்லை. துண்டுத் தாளில் பெயரையும் விவரத்தையும் எழுதி, சாதாரணச் சீட்டின் மேல் வைத்து உறையில் சொருகினால் வீட்டு ஆட்டத்துக்கு அது போதும். போட்டிக்குப் போனால்தான் அசல் கார்டு கேட்பார்கள்.

கார்டைக் கையில் எடுத்ததும் எதை முதலில் பார்க்க வேண்டும்?

எல்லாரும் படத்தைப் பார்ப்பார்கள், பிறகு வலது மேல்மூலையில் அதை இறக்க ஆகும் மந்திர விலையைப் பார்ப்பார்கள். நான் படத்துக்குக் கீழே இருக்கும் ஒற்றை வரியைப் பார்க்கச் சொல்வேன். அங்கேதான் கார்டின் வகை அச்சாகியிருக்கும்: லேண்ட், கிரீச்சர், சோர்சரி, இன்ஸ்டண்ட், ஆர்ட்டிஃபாக்ட், என்சாண்ட்மெண்ட், பிளேன்ஸ்வாக்கர், பேட்டில்.

அந்த ஒரு சொல் இரண்டு விஷயங்களைச் சொல்லிவிடும். இந்தக் கார்டை எப்போது இறக்கலாம்? இறக்கிய பிறகு மேசையில் தங்குமா, வேலை முடிந்ததும் கழிந்த சீட்டோடு போய்விடுமா? புதிதாக ஆடுகிறவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றைக் குழப்பிக்கொள்வதால் வருகின்றன. "அண்ணா, இதை இப்போ போடலாமா?" என்று யாராவது கேட்டால் நான் பதில் சொல்வதில்லை, அந்த வரியில் விரலை வைத்துக் காட்டுவேன். நாலு வாரத்தில் அவர்களே அங்கே பார்க்கப் பழகிவிடுவார்கள்.

லேண்ட் எதற்கு? அது எதுவுமே செய்வதில்லையே?

எல்லாவற்றையும் செய்ய வைப்பது அதுதான். அடுப்புக்கு விறகு எப்படியோ அப்படி. லேண்ட் கார்டைப் பக்கவாட்டில் சாய்த்தால் மந்திர சக்தி கிடைக்கும். சாய்ப்பதை 'டேப்' என்பார்கள், அந்தச் சக்திக்கு 'மானா' என்று பெயர். மற்ற கார்டுகளை மானா கொடுத்துத்தான் இறக்க முடியும். உங்கள் அடுத்த முறை வந்ததும் சாய்ந்தவை எல்லாம் நிமிர்ந்துவிடும், மறுபடி பயன்படுத்தலாம். எடுத்த மானாவைச் சேர்த்துவைக்க முடியாது. அந்தக் கட்டம் முடிவதற்குள் செலவழிக்காவிட்டால் வீண்.

ஒரு முறைக்கு ஒரு லேண்ட்தான் வைக்கலாம். கையில் நாலு இருந்தாலும் ஒன்றுதான். லேண்டுக்கு விலை கிடையாது. அது மந்திரமும் இல்லை, ஆகவே எதிராளி அதைக் குறுக்கிட்டு ரத்து செய்ய முடியாது.

அடிப்படை லேண்ட் ஐந்து. சமவெளி வெள்ளை மானா தரும், தீவு நீலம், சதுப்பு நிலம் கறுப்பு, மலை சிவப்பு, காடு பச்சை. சேர்வராயன் மலையைப் பார்த்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு மலை என்றால் பச்சைதான். சில்வர் ஓக்கும் காப்பித் தோட்டமுமாகத்தானே ஏற்காட்டைப் பார்த்திருக்கிறார்கள். அதனால் பச்சைக் கார்டுகளாகப் பொறுக்கிவிட்டு மலை லேண்டை அள்ளிப் போட்டுக்கொண்டு வந்த பிள்ளைகள் உண்டு. இந்த ஆட்டத்தில் மலை என்றால் எரிமலையும் இடியும் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை லேண்ட் போடுவது?

60 கார்டு டெக்கில் 24 வைத்துத் தொடங்குங்கள். இதில் மட்டும் நான் பிடிவாதமாக இருப்பேன்.

லேண்டைக் குறைத்து டிராகனைக் கூட்டத்தான் எல்லாருக்கும் ஆசை. கணக்கைப் பாருங்கள். ஆரம்பத்தில் 7 கார்டு எடுக்கிறீர்கள். முதலில் ஆடுபவர் முதல் முறையில் கார்டு எடுக்கக் கூடாது என்பதால், நான்காவது முறையில் மொத்தம் 10 கார்டு பார்த்திருப்பார். 60இல் 24 என்றால் அந்தப் பத்தில் சராசரியாக நாலு லேண்ட். முறைக்கு ஒன்று வைத்து, நான்காவது முறையில் நாலு மானா கார்டை இறக்கலாம். 16 மட்டும் வைத்திருந்தால் மூன்றுகூடத் தேறாது. கை நிறைய டிராகன் இருக்கும், ஒன்றையும் இறக்க முடியாது. போன கோடையில் ஒரு பையன் மூன்று ஆட்டம் அப்படியே தோற்றான். இரண்டே லேண்டோடு உட்கார்ந்து, ஏழு கார்டையும் விசிறிபோல் பிடித்துக்கொண்டு, கண் கலங்கப் பார்த்தான். அவனுக்கு ஆடத் தெரியவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. டெக்கில் எட்டு லேண்ட் கூட்டிக் கொடுத்தோம், நாலாவது ஆட்டம் ஜெயித்தான்.

ஆரம்பக் கை மோசமாக வந்தால் திருப்பிக் கொடுத்துவிட்டு மீண்டும் ஏழு எடுக்கலாம். எத்தனை தடவை மாற்றினீர்களோ அத்தனை கார்டைக் கடைசியில் டெக்கின் அடியில் வைத்துவிட வேண்டும்.

ஐந்து நிறத்துக்கும் குணம் உண்டா?

உண்டு. வெள்ளை கூட்டமாக நின்று காக்கும். நீலம் யோசிக்கும், கார்டு சேர்க்கும், எதிராளியின் மந்திரத்தை ரத்து செய்யும். கறுப்பு எதையும் விலை கொடுத்து வாங்கும், தன் உயிரையேகூட. சிவப்பு யோசிக்காமல் எரிக்கும். பச்சை பெரிய பெரிய உயிரினங்களை வளர்க்கும். முதல் டெக்கை இரண்டு நிறத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கிரீச்சர் கார்டில் வலது கீழ்மூலையில் 2/2 என்று இருக்கிறதே?

கிரீச்சர் என்பது உங்களுக்காகச் சண்டை போடும் உயிரினம். முதல் எண் அது கொடுக்கும் அடி, இரண்டாவது எண் அது தாங்கும் அடி. க்ரிஸ்லி பேர்ஸ் என்ற கரடிக் கார்டு 2/2. இரண்டு அடி கொடுக்கும், ஒரே முறையில் இரண்டு அடி வாங்கினால் சாகும். சாகாமல் தப்பித்துவிட்டால் அந்த முறை முடியும்போது காயம் முழுதாக ஆறிவிடும். உங்கள் உயிர் அப்படி ஆறாது, குறைந்தது குறைந்ததுதான்.

செர்ரா ஏஞ்சல் 4/4. வலது மேல்மூலையில் 3 என்ற எண்ணும் இரண்டு வெள்ளைக் குறியும் இருக்கும். இரண்டு மானா கட்டாயம் வெள்ளை, மற்ற மூன்று எந்த நிறமும் ஆகலாம், ஆக மொத்தம் ஐந்து. அது பறக்கும். பறப்பதைப் பறக்கிற கிரீச்சரோ, 'ரீச்' என்று எழுதியதோதான் தடுக்கலாம். தாக்கினாலும் அது சாயாது, அதற்கு 'விஜிலன்ஸ்' என்று பெயர்.

இறக்கியதும் ஏன் தாக்க முடியாது?

மலையேறி வந்தவருக்கு மூச்சு வாங்க வேண்டாமா? உங்கள் முறை தொடங்கும்போதே உங்கள் மேசையில் இருந்த கிரீச்சர்தான் அந்த முறையில் தாக்கலாம். தன்னைச் சாய்த்துச் செய்யும் வேலையும் அதற்கு முன் முடியாது. தடுப்பதற்கு இந்தத் தடை இல்லை. இப்போது இறக்கியது எதிராளியின் முறையிலேயே குறுக்கே நிற்கலாம். 'ஹேஸ்ட்' என்று எழுதியிருந்தால் உடனே தாக்கலாம்.

எதிராளியின் கிரீச்சரைக் குறிவைத்துத் தாக்கலாமா?

முடியாது. வேறு கார்டு ஆட்டம் ஆடிவிட்டு வருகிற பிள்ளைகள் எல்லாரும் இதில் தடுக்கி விழுவார்கள். நீங்கள் தாக்குவது எதிராளியை (அல்லது அவருடைய பிளேன்ஸ்வாக்கரை). குறுக்கே எந்தக் கிரீச்சரை நிறுத்துவது, நிறுத்துவதா வேண்டாமா என்பது அவர் முடிவு. தாக்கும் கிரீச்சர் சாயும், அதனால் எதிராளியின் அடுத்த முறையில் அது தடுக்க முடியாது. தடுக்கும் கிரீச்சர் சாய வேண்டியதில்லை. ஒன்றை இரண்டு மூன்று கிரீச்சர் சேர்ந்தும் தடுக்கலாம்.

இன்னொன்று. தடுத்தது தடுத்ததுதான். குறுக்கே நின்ற கிரீச்சரை மந்திரத்தால் கொன்றுவிட்டாலும், தடுக்கப்பட்டது எதிராளியை அடிக்காது. 'டிராம்பிள்' இருந்தால் மட்டும் அடிக்கும்.

சோர்சரி, இன்ஸ்டண்ட் இரண்டும் ஒன்றுபோலத்தானே இருக்கிறது?

இரண்டுமே ஒரு தடவை வேலை செய்துவிட்டுக் கழிந்துபோகும் மந்திரங்கள். வேறுபாடு நேரத்தில். சோர்சரியை உங்கள் முறையில், சண்டைக்கு முன்போ பின்போ, வேறு எதுவும் நடந்துகொண்டிருக்காதபோது மட்டும் போடலாம். கிரீச்சர், ஆர்ட்டிஃபாக்ட், என்சாண்ட்மெண்ட் எல்லாம் இதே நேரக்கட்டுப்பாட்டில்தான் வரும். இன்ஸ்டண்டை எதிராளியின் முறையிலும் போடலாம், சண்டையின் நடுவிலும் போடலாம், அவர் போட்ட மந்திரம் பலிப்பதற்கு முன்னாலும் போடலாம்.

அவர் ஒன்று போட்டார், நான் ஒன்று போட்டேன். எது முதலில் நடக்கும்?

கடைசியாகப் போட்டது. இந்த ஆட்டத்திலேயே அழகான விதி இதுதான் என்பேன்.

ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு. ஒரு வளைவில் எதிரெதிரே பேருந்து மாட்டிக்கொண்டு, பின்னாலேயே வண்டிகள் வரிசையாக வந்து நின்றுவிட்டால் எப்படி வழி விடுவார்கள்? வரிசையில் கடைசியாக வந்து நின்ற வண்டிதான் முதலில் பின்னால் போக வேண்டும். அது நகர்ந்தால்தான் அதற்கு முந்தியது நகர முடியும். மந்திரங்களும் அப்படித்தான் வரிசையில் நிற்கும். அந்த வரிசைக்கு 'ஸ்டாக்' என்று பெயர்.

எங்கள் மாடியில் நடந்ததைச் சொல்கிறேன். அக்கா ஒருத்தி, தம்பி ஒருவன். அக்கா 2/2 கரடியால் தாக்கினாள். தம்பி ஹில் ஜயண்ட் என்ற 3/3 ராட்சதனைக் குறுக்கே நிறுத்தினான். அக்காவிடம் ஒரு காடு நிமிர்ந்திருந்தது. அதைச் சாய்த்து ஜயண்ட் க்ரோத் போட்டாள். அது ஒரு பச்சை மானா இன்ஸ்டண்ட், முறை முடியும்வரை ஒரு கிரீச்சருக்கு +3/+3 தரும். கரடி 5/5 ஆகிவிட்டால் ராட்சதன் காலி. அவள் கரடியின் மேல் கை வைக்கப் போனபோது தம்பி, "இருக்கா, அது நடக்கறதுக்குள்ள நான் ஒண்ணு போடறேன்" என்று மலையைச் சாய்த்து லைட்னிங் போல்ட் வைத்தான். ஒரு சிவப்பு மானா, மூன்று அடி. கடைசியாக வந்தது போல்ட், அதனால் முதலில் பலித்தது. கரடி இன்னும் 2/2தான், செத்தது. ஜயண்ட் க்ரோத் யாரை வளர்க்கும்? இலக்கே இல்லை, வீணாகப் போனது.

அடுத்த வாரம் அதே கார்டுகள், அதே இரண்டு பேர். இந்தத் தடவை தம்பி அவசரப்பட்டான். கரடியைப் பார்த்ததுமே போல்ட் போட்டான். அக்கா நிதானமாக, "டேய், பதிலுக்கு ஜயண்ட் க்ரோத்" என்றாள். இப்போது அவளுடையது கடைசி. கரடி முதலில் 5/5 ஆனது, பிறகு போல்ட்டின் மூன்று அடியை வாங்கிக்கொண்டு உயிரோடு நின்றது. முதல் வாரம் அக்கா முந்திக்கொண்டாள், இழந்தாள். இரண்டாம் வாரம் தம்பி முந்திக்கொண்டான், இழந்தான். கையில் இன்ஸ்டண்ட் இருந்தால் எதிராளியைப் பேசவிடுங்கள்.

ஆர்ட்டிஃபாக்டும் என்சாண்ட்மெண்டும்?

இரண்டும் மேசையில் தங்குபவை. ஆர்ட்டிஃபாக்ட் ஒரு பொருள்: வாள், கவசம், எந்திரம். பெரும்பாலும் நிறம் இருக்காது, எந்த டெக்கிலும் சேரும். என்சாண்ட்மெண்ட் என்பது கட்டி வைத்த மந்திரம், யாராவது அவிழ்க்கும்வரை இருக்கும்.

குழப்பம் வருவது ஒரே இடத்தில்தான். கிரீச்சரில் மாட்டுகிற ஆர்ட்டிஃபாக்ட்டுக்கு 'எக்விப்மெண்ட்', கிரீச்சரில் ஒட்டுகிற என்சாண்ட்மெண்ட்டுக்கு 'ஆரா' என்று பெயர். கிரீச்சர் செத்தால் வாள் கீழே விழுந்து கிடக்கும், உங்களுடைய இன்னொரு கிரீச்சர் எடுத்துக்கொள்ளலாம். ஆரா கூடவே போய்விடும். பேசிஃபிசம் என்ற ஆராவை எதிராளியின் பெரிய கிரீச்சர்மேல் ஒட்டினால் அது தாக்கவும் முடியாது, தடுக்கவும் முடியாது. சாகடிக்காமலே சண்டையிலிருந்து விலக்கிவிடும் அந்தக் கார்டு எனக்கு மிகவும் பிடிக்கும்.

பிளேன்ஸ்வாக்கர், பேட்டில்?

பிளேன்ஸ்வாக்கர் 2007இல் வந்த வகை. உங்களுக்குத் துணையாக வரும் இன்னொரு மந்திரவாதி. அவருக்கென்று ஒரு விசுவாச எண் உண்டு. உங்கள் முறையில் ஒரு தடவை அவரிடம் ஒரு வேலை வாங்கலாம், அதற்கேற்ப எண் ஏறும் அல்லது இறங்கும். எதிராளி அவரைத் தாக்கினாலும் இறங்கும். பூஜ்யமானால் போய்விடுவார். பேட்டில் 2023இல் வந்தது, ஆரம்ப டெக்குகளில் கண்ணில் படுவது அபூர்வம். பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

என் முறை வந்ததும் எந்த வரிசையில் ஆடுவது?

சாய்ந்ததை எல்லாம் நிமிர்த்துங்கள். ஒரு கார்டு எடுங்கள். லேண்ட் வையுங்கள், வேண்டியதை இறக்குங்கள். தாக்குங்கள். சண்டை முடிந்ததும் இன்னொரு தடவை கார்டு இறக்கலாம். முடிக்கும்போது கையில் ஏழுக்கு மேல் இருந்தால் மிச்சத்தைக் கழித்துவிடுங்கள். கிரீச்சரைச் சண்டைக்குப் பிறகு இறக்குவது பெரும்பாலும் நல்லது. இப்போது இறக்கினாலும் அது தாக்கப்போவதில்லை, முன்கூட்டியே ஏன் காட்டிக்கொடுக்க வேண்டும்?

உயிர் இருக்கும்போதே தோற்க முடியுமா?

முடியும். கார்டு எடுக்க வேண்டிய நேரத்தில் டெக் காலியாக இருந்தால் தோல்வி. சில கார்டுகள் தரும் விஷக் குறி பத்து சேர்ந்தாலும் தோல்வி. 'இந்த ஆட்டத்தில் நீ ஜெயித்தாய்' என்றே எழுதியிருக்கும் கார்டுகளும் உண்டு. கார்டும் பொதுவிதியும் மோதினால் கார்டில் எழுதியிருப்பதுதான் செல்லும்.

கார்டு எல்லாம் இங்கிலீஷில் இருக்கிறது. தமிழ் மீடியம் பிள்ளை ஆட முடியுமா?

நன்றாக ஆட முடியும். தமிழில் அச்சாவதில்லைதான். ஆனால் திரும்பத் திரும்ப வருவது கொஞ்சம் சொற்களே. 'மே' என்று வந்தால் விருப்பமிருந்தால் செய்யலாம், கட்டாயமில்லை. 'டார்கெட்' என்று வந்தால் மந்திரம் போடும்போதே யார்மேல் என்று சொல்லிவிட வேண்டும். 'ஈச்' என்றால் ஒவ்வொருவருக்கும், அங்கே குறிவைக்கும் பேச்சே இல்லை. 'எதிராளி என்னைக் குறிவைக்க முடியாது' என்று காப்புக் கட்டிய கிரீச்சரும் 'ஈச்' என்ற மந்திரத்தில் அடி வாங்கும். முக்காற்புள்ளி வந்தால் அதற்கு இடப்பக்கம் நீங்கள் கொடுக்க வேண்டியது, வலப்பக்கம் உங்களுக்குக் கிடைப்பது.

நெசவு வேலை பார்க்கும் வீட்டுப் பெண்பிள்ளை ஒருத்தி அம்மாபேட்டையிலிருந்து வருவாள். இந்தச் சொற்களை நோட்டின் கடைசிப் பக்கத்தில் தமிழ்ப் பொருளோடு எழுதி வைத்திருந்தாள். அதிகம் போனால் முப்பது சொல் இருக்கும். இப்போது மற்றவர்கள் போடும் கார்டில் சந்தேகம் வந்தால் அவளிடம்தான் கேட்கிறோம்.

நாலு பேர் சேர்ந்து ஆடலாமா?

அதற்கு 'கமாண்டர்' என்றொரு முறை. ஆளுக்கு 100 கார்டு, அடிப்படை லேண்ட் தவிர எதுவும் ஒன்றுக்கு மேல் கூடாது, உயிர் 40. 60 கார்டு ஆட்டத்தில் ஒரே கார்டை நாலு வரை வைக்கலாம், அங்கே ஒன்றுதான். பெயர்பெற்ற கிரீச்சர் ஒன்று தலைவராக நிற்கும். ஒரே தலைவர் சண்டையில் கொடுத்த அடி மொத்தம் 21 சேர்ந்தால், உயிர் எவ்வளவு மிச்சமிருந்தாலும் தோல்வி. ஒரு ஆட்டம் இரண்டு மணிநேரம்கூட இழுக்கும். தட்டுவடை செட் வாங்கி வைத்துக்கொண்டு உட்காரலாம். ஆனால் சட்னிக் கையோடு கார்டைத் தொடக் கூடாது.

ஏற்காட்டுக்கு எடுத்துப் போனால் கார்டு வளைந்துவிடுகிறதே?

வளையும், பளபளப்பான ஃபாயில் கார்டு இன்னும் மோசமாக வளையும். தாளோடு உலோகப் பூச்சு ஒட்டியிருப்பதால் தாள் ஈரத்தை உறிஞ்சி விரியும், பூச்சு விரியாது. மே மாதம் உறவினர் வீட்டில் தங்கியபோது, ஏரிப் பக்கம் மேகம் இறங்கிய ஒரு சாயங்காலம், ஜன்னலோரம் மறந்து வைத்த ஃபாயில் கார்டுகள் காலையில் அப்பளம்போல் குவிந்து கிடந்தன. உறையில் போட்டு, இறுக்கமாக மூடும் டப்பாவில் வையுங்கள். பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தைத் தூக்கி எறியாமல் அந்த டப்பாவில் இரண்டு போடுங்கள். வளைந்துவிட்டால் இஸ்திரிப் பெட்டி பக்கம் கொண்டுபோகாதீர்கள். கீழே சேலத்துக்கு வந்து, கனமான இரண்டு புத்தகங்களுக்கு நடுவே சில நாள் வைத்தால் பெரும்பாலும் நேராகிவிடும்.